வெயில் அடித்தால் போய்விடும் லைன்

ஜூன் 2, செவ்வாய்

இன்று பல் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்த நாற்பத்தொரு பேரின் பல்லுக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். பிடுங்குவதற்கு ஆறு, வேர் சிகிச்சைக்குப் பதினொன்று, மீதியெல்லாம் சும்மா சுத்தம் செய்ய. ஒருவர் பிடுங்கிய பிறகு வலிக்கவே இல்லை என்று புகார் சொன்னார். "வலிக்கலையே, சரியான பல்லத்தான் எடுத்தாங்களான்னு சந்தேகமா இருக்கு." பேச்சைக் குறைத்து அவரை லைனைவிட்டு இறக்குவதற்குள் என் பல் வலித்தது.

பன்னிரண்டு மணிக்குத்தான் வினை. அத்தை, என் மாமியார்தான், சமையலறையில் இருமினார். நாலு நாளாக விடாத வறட்டு இருமல். மறுமுனையில் இருந்த அம்மாள், "ஆஸ்பத்திரி வார்டுலேர்ந்தா பேசறீங்க?" என்று கேட்டார். ஐந்தே நிமிடத்தில் சூப்பர்வைசர் சிவப்புக் குறி போட்டுவிட்டார். காரணம்: பின்னணிச் சத்தம். மாதம் பத்துக் குறி விழுந்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகை ரத்து. அப்புறம் இரண்டு பஸ் மாறி அலுவலகம் போக வேண்டும். அத்தையைப் பகல் முழுக்கத் தனியே விட்டுவிட்டு எப்படிப் போவது? போன வருடம் சர்க்கரை இறங்கிக் குளியலறையில் விழுந்து கிடந்தவர்.

அந்தக் கோபத்தில் கத்திவிட்டேன். "நான் ஃபோன்ல இருக்கும்போது ஒரு சத்தம் வரக்கூடாது அத்தை. இருமல்கூட!"

"சரி" என்றார். அவ்வளவுதான்.

இருமலை எப்படி அடக்குவார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் சொல்லியிருப்பேன். வேலை போனால் இரண்டு பேருக்கும்தானே திண்டாட்டம்.

ஜூன் 3, புதன்

இன்டர்நெட் பெட்டியில் சிவப்பு விளக்கு. இதுநாள்வரை பச்சையைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. பத்தே முக்காலிலிருந்து பதினொன்றேகால் வரை சிவப்பு, அப்புறம் தானாகவே பச்சை. அதற்குள் ஏழு அழைப்புகள் போயின. குறி இரண்டு.

ஜூன் 5, வெள்ளி

மறுபடியும். இந்தத் தடவை நாற்பது நிமிடம். இன்டர்நெட் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். ஒன்றை அழுத்தி, நாலை அழுத்தி, என் பொறுமையையும் அழுத்தி, கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"பண்ணிட்டேன்."

"இன்னொரு தடவை பண்ணுங்க மேடம். பெட்டி பக்கத்துலயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க."

பெட்டி முன்னால் உட்கார்ந்தேன், பிரசவ அறை வாசலில் உட்காருகிறவர்கள் மாதிரி. இருபத்தைந்தாவது நிமிடம் பச்சை வந்தது. "பாத்தீங்களா மேடம், ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு" என்றாள். நான் ரீஸ்டார்ட் செய்து இருபத்தைந்து நிமிடம் ஆகிறது, பெண்ணே.

பெரிய திட்டத்துக்கு மாறினால் தனி கவனிப்பு உண்டாம். மாற மாட்டேன். மாற முடியாது என்பது வேறு விஷயம். முடிந்தாலும் மாற மாட்டேன். கொடுத்த காசுக்கு ஒழுங்காக வரட்டும் முதலில்.

குறி மூன்று.

ஜூன் 7, ஞாயிறு

விடுமுறை. காலையிலிருந்து ராத்திரி வரை பச்சை. அத்தை சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க சமையல் வீடியோ பார்த்தார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்டுகிறது இன்டர்நெட்.

நான் வேலை பார்க்கும்போது மட்டும் போகிறதே. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இந்த லைனுக்கு என்மேல் ஏதோ சொந்தப் பகை இருக்கிறது.

ஜூன் 9, செவ்வாய்

கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். தன்னைவிட இரண்டு மடங்கு உயர ஏணியோடு மூன்று மாடி ஏறி வந்ததால் நான் அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். பெட்டியில் ஏதோ கருவியைச் செருகிப் பார்த்தார். "சிக்னல் ஜம்முன்னு இருக்கும்மா."

அத்தை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளி ஆள் வீட்டுக்குள் இருந்தால் அவர் இடத்தைவிட்டு நகர மாட்டார். அவர் பார்த்த பார்வையில் ஏணிக்காரர் இரண்டு தடவை ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டார். ஒன்றரை மணி நேரம் இருந்தார். பச்சை, பச்சை, பச்சை.

"உங்க கம்ப்யூட்டர் பழசாயிடுச்சும்மா, அதான்" என்றார் போகும்போது. விளக்கு சிவப்பாவது கம்ப்யூட்டரிலா, உங்கள் பெட்டியிலா என்று கேட்டேன். ஏணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஜூன் 10, புதன்

சிவப்பு. குறி நாலு. அவர் ஏணி தெருமுனை தாண்டியிருக்குமோ என்னவோ.

ஜூன் 12, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. தெருவில் எல்லார் வீட்டிலும் இன்டர்நெட் போய்விட்டதென்று கீழ்வீட்டுக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் பிசகாமல் வேலை செய்தது. ஐம்பத்திரண்டு பற்கள்!

ஊருக்கெல்லாம் மழை பெய்தால் லைன் போகும். எனக்கு வெயில் அடித்தால் போகிறது. இதைச் சொன்னால் அந்த ரீஸ்டார்ட் பெண் என்னை வேறொரு மருத்துவரிடம் அனுப்பிவிடுவாள்.

ஜூன் 15, திங்கள்

வெயில்தான் காரணமென்றால் பெட்டி சூடாகிறது என்று அர்த்தம். ஜன்னலோரம் இருந்த பெட்டியை உள்பக்கம் தள்ளி, அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்து உயர்த்தி, பழைய டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன். எனக்கு ஃபேன் இல்லை. வியர்வை கழுத்தில் வழிய, "வணக்கம், உங்களுக்கு எந்தப் பல்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி ராஜபோகமாகக் காற்று வாங்கிக்கொண்டே பதினொன்றேகாலுக்குச் சிவப்பானது.

பழைய சாமான் கடையில் வேறொரு மின்வடம் வாங்கி மாற்றினேன். அதுவும் தண்டம். செல்ஃபோன் இன்டர்நெட்டை வைத்துச் சமாளிக்கப் பார்த்தால் மிச்சமிருந்த டேட்டா மொத்தமும் ஒரே மத்தியானத்தில் காலி.

விடப் போவதில்லை. இந்தப் பெட்டியா நானா, பார்த்துவிடுகிறேன்.

ஜூன் 17, புதன்

குறி ஏழு. சூப்பர்வைசர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சுக்குப் பேச்சு மணி பார்ப்பவர். "முப்பதாம் தேதி ரிவ்யூ. இன்னும் மூணு விழுந்தா என் கைல ஒண்ணும் இல்ல, மேடம்." விழும்போது மட்டும் எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது.

சாயங்காலம் நாத்தனார் ஃபோன். அத்தை எதார்த்தமாக எதையோ சொல்லியிருக்கிறார், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. நீங்க ஆபீசுக்குப் போக ஆரம்பிச்சா அம்மாவ யாரு பாத்துப்பா? மாசக் கடைசில வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க அண்ணனும் அடிக்கடி வந்து போறான்."

அதுதானே விஷயம். அங்கே போனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னை விட்டுப் போனவன் புதுப் பெண்டாட்டியோடு வருவான், அத்தை எழுந்து டீ போட்டுக் கொடுக்க வேண்டும். நாலு வருடம் முன்னால் அவன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, "நீயும் வாம்மா" என்று கூப்பிட்டான். அத்தை வாசல் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்து, "ராத்திரிக்கு உப்புமா போதுமா?" என்று கேட்டார். பெற்ற பிள்ளையை விட்டு மருமகளோடு நின்ற மனுஷி. அவரைப் பையில் துணி எடுத்து வைக்கச் சொல்ல வேண்டுமா, ஒரு சிவப்பு விளக்குக்காக?

மாட்டேன். முடியாது. நடக்காது.

ஜூன் 18, வியாழன்

அத்தை முகம் கறுத்துப் போயிருக்கிறது. உதடு காய்ந்திருக்கிறது. உடம்பு சரியில்லையா என்றால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறார். இருமல் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "அது போயிடுச்சு" என்றார். வீட்டில் சத்தமே இல்லை என்பது உண்மைதான். சிறிய அறையின் கதவைச் சாத்திக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இந்த வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதே தெரிவதில்லை.

குறி எட்டு.

ஜூன் 20, சனி

ஏணிக்காரர் மறுபடி வந்தார். அத்தை மறுபடி நாற்காலி போட்டார். பெட்டி மறுபடி பச்சை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழவில்லை, கத்தினேன். "நீங்க வந்தா நல்லா இருக்கு, ஞாயித்துக்கிழமை நல்லா இருக்கு, மழை பெஞ்சா நல்லா இருக்கு. நான் உக்காந்து சம்பாதிக்கும்போது மட்டும் சாவுது. இத எந்தக் கருவில பாப்பீங்க?"

மனுஷன் கருவியைக் கீழே வைத்தார். பிறகு பையிலிருந்து மெல்லிய ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். "இது செம்புக் கம்பி இல்லம்மா. உள்ள கண்ணாடி இழை. அதுல வெளிச்சம் போகுது. எங்கயாவது மடங்கிச்சுன்னா வெளிச்சம் நின்னுடும், நிமிந்தா திரும்ப வந்துடும். செவப்பா இருக்கற நேரத்துல பெட்டிய பாக்காதீங்க. ஒயர் போற வழிய பாருங்க."

பதினெட்டு நாளில் முதன்முறையாக ஒருவர் எனக்கு உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார். பெட்டி பக்கத்திலேயே இருங்கள் என்றவளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 22, திங்கள்

மழை. பச்சை. சிவப்பு வராதா என்று ஒருத்தி காத்துக்கிடக்கிறாள் என்றால் அது உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஜூன் 23, செவ்வாய்

பளிச்சென்று வெயில். பத்து ஐம்பதுக்குச் சிவப்பு. குறி ஒன்பது. ரீஸ்டார்ட் செய்யவில்லை. யாருக்கும் ஃபோன் போடவில்லை. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜன்னல் வழியாக வெளியே போகிறது, மாடிப்படிச் சுவரோடு ஏறுகிறது, மொட்டைமாடிக் கதவின் நிலையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கச் சுவரில் ஆணி அடித்து நிற்கிறது. கதவு விரியத் திறந்து கிடந்தது. தினமும் காலையில் துணி காயப்போடப் போகிறவள்தான் நான். இடுப்பில் வாளியோடு பாதிக் கதவைத் தள்ளி நுழைந்துவிடுவேன். இப்படி முழுக்கத் திறந்து சுவரோடு சுவராக ஒட்டியிருந்து பார்த்ததே இல்லை. திரும்ப மூடிவிடாதபடி அடியில் ஒரு பெரிய கல். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒயர் இரண்டாக மடங்கி நசுங்கிக் கிடந்தது.

யாருடா இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே போனேன். நல்ல வசவாக நாலைந்து வாயிலேயே வைத்திருந்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் ஒரு முழ நிழலில், கவிழ்த்த வாளிமேல் அத்தை உட்கார்ந்திருந்தார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "என்னம்மா, இங்கயுமா கேக்குது?"

வசவையெல்லாம் விழுங்கிவிட்டு அவர் தோளைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"நீ ஃபோன்ல உக்காந்ததும் கொஞ்ச நேரத்துல தொண்டை கமற ஆரம்பிச்சுடும். ஒரு அரை மணி இங்க வந்து இருமித் தீத்துட்டு வந்துடுவேன். காத்துல கதவு டமால்னு அடிச்சா உனக்குக் குறி போட்டுடுவாங்களேன்னு கல்லு வெச்சேன்."

சர்க்கரை இறங்கினால்? இந்த வெயிலில், யாருக்கும் தெரியாமல், இங்கேயே விழுந்திருந்தால்? நான் கீழே பெட்டிக்கு ஃபேன் போட்டுக்கொண்டிருந்தேனே. பெட்டிக்கு!

கல்லைத் தூக்கி எறிந்தேன். அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். "எதுக்கு இப்ப அழுவற? ஃபோன் யாரு எடுக்கறா?" என்று என்னைத் தள்ளிவிட்டார்.

அதே நாள், சாயங்காலம்

இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. இரண்டாம் தேதி: இருமல்கூட என்று கத்தினேன். மூன்றாம் தேதி: முதல் சிவப்பு. ஞாயிறு எனக்கு வேலை இல்லை, அவர் சோபாவில். மழை பெய்தால் மாடிக்குப் போக முடியாது. ஏணிக்காரர் வந்தால் நாற்காலியைவிட்டு எழ மாட்டார். நாள், மணி, நிமிடம் எல்லாம் எழுதியவள், பக்கத்து அறையில் ஒரு ஆள் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை.

லைனை நான்தான் அறுத்திருக்கிறேன். ஒரே வார்த்தையில்.

சரி. அறுத்தவளே ஒட்ட வைக்கிறேன். இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

ஜூன் 24, புதன்

ஏணிக்காரர் வந்து ஒயரைக் கதவுப் பக்கமிருந்து கழற்றி மேலே சுவரில் ஓட்டை போட்டு அதன்வழி எடுத்துவிட்டார். பத்து நிமிட வேலை. வேலைச் சீட்டில் 'சரி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினார்.

"என்ன கோளாறுன்னு எழுதுங்க. ஒயரக் கதவு இடுக்குல அடிச்சது உங்க கம்பெனி ஆள்தானே?"

"அதெல்லாம் எழுதினா மேல கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும். எனக்கும் மேலதான் கேக்கறாங்க."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் அத்தை, ஏணியின் கடைசிப் படியில் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்திருந்தார். "எழுதிட்டு எறங்குங்க தம்பி. ஏணி எங்கயும் போகாது, என்கிட்டதான் இருக்கு."

எழுதிக் கையெழுத்தும் போட்டார்: 'கேபிள் பதித்ததில் தவறு. கதவில் நசுங்கியது.' போகும்போது சிரித்துக்கொண்டேதான் போனார்.

சாயங்காலம் அத்தையை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மார்புச் சளி இல்லை, ஒவ்வாமைதான். ஒரு மருந்து. இவ்வளவுதான் விஷயம், மூன்று வாரத்துக்கு முன்னாலேயே போயிருக்கலாம்.

ஜூன் 26, வெள்ளி

சோபாவை என் வேலை அறைக்குள் இழுத்துப் போட்டேன். கதவு வழியாக நுழையாமல் ஒரு கால் உடைந்தது. நாலு செங்கல் அடியில் கொடுத்திருக்கிறேன். அத்தை, "நான் இங்கயா? உனக்குக் குறி விழும்டி" என்றார்.

"விழட்டும். இருமல் வந்தா இருமுங்க."

பச்சை.

ஜூன் 30, செவ்வாய்

ரிவ்யூ. வேலைச் சீட்டின் படத்தையும், இந்த நோட்டிலிருந்து எடுத்த நாள், மணி எல்லாவற்றையும் நேற்றே அனுப்பியிருந்தேன். சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்தார் (அதற்கு யாரும் குறி போடுவதில்லை).

"எட்டுக் குறிய எடுத்துடறேன் மேடம். இன்டர்நெட் கம்பெனி தப்புன்னு எழுத்துலயே இருக்கு. அந்த முதல் குறி மட்டும் நிக்கும். பின்னணிச் சத்தம் உங்க பொறுப்பு."

"நிக்கட்டும் சார். அது என் மாமியார். இனிமே இந்த ரூம்லதான் இருப்பாங்க. மாசம் ஒம்பது குறி வரைக்கும் எனக்கு எடம் இருக்குல்ல?"

லைன் போய்விட்டதோ என்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். பச்சைதான். "இருக்கு மேடம்" என்றார்.

மத்தியானம் நாத்தனார் புதுப் பை ஒன்றோடு வந்தாள். அத்தை பையை வாங்கி ஜிப்பை இழுத்துப் பார்த்தார், கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கே. வெச்சுட்டுப் போ. இங்க பீரோல எடம் பத்தல, என் பழைய புடவையெல்லாம் இதுல போட்டுக்கறேன்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

ஜூலை 4, சனி

வெயில் கொளுத்துகிறது. பச்சை.

பல்லைப் பிடுங்கியும் வலிக்கவில்லை என்றாரே, அவர் மறுபடி கூப்பிட்டார். பிடுங்கிய பல்லைத் திருப்பித் தர வேண்டுமாம், வேறொரு டாக்டரிடம் காட்டிக் கேட்க வேண்டுமாம். "பல்லத் திருப்பித் தர்ற வழக்கம் இல்ல சார்… இல்ல சார், மறுபடி ஒட்ட வைக்கவும் மாட்டாங்க" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் சோபாவிலிருந்து வெடித்தது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல், செங்கல் ஆட ஆட.

"யாரு மேடம் அங்க?" என்று அவர் கேட்டார்.

"எங்க அத்தை சார்."

இந்த மாதத்தின் முதல் சிவப்புக் குறி. காரணம்: பின்னணியில் ஒருவர் சிரிக்கும் சத்தம்.

சரிதான் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.